லூர்து மேரி கேட்ட கூரை

லூர்து மேரி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவரைப் பல வருடங்களாக வாசலில் தடுத்து நிறுத்தியவர். எங்கள் பெயின்ட் கம்பெனியின் கேட்டில் காவல் நிற்கும் ராஜேந்திரன்தான் அவர். அன்று ஞாயிற்றுக்கிழமை. அத்திப்பட்டில் என் வீட்டு மொட்டைமாடியில், துணி காயப்போடுவதற்கு முன்பு கொடியில் படிந்திருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விடுமுறை நாள் அப்படித்தான் தொடங்கும். போன் வந்தது.

“சார், நம்ம லூர்தக்கா பூட்டாங்கோ சார்” என்றார் ராஜேந்திரன். “விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆட்டோல வெச்சி இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிட்சாம்.”

அவர் போனை வைக்கவில்லை. பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்: “நேத்து கூட சைக்கிள வெளிய போடுங்கன்னுதான் சார் சொன்னேன். நான் இன்னா சார் பண்ணுவேன்? மேல சொல்றத செய்யறவன் நானு.”

ராஜேந்திரன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபப்பட வேண்டிய ஆட்கள் வேறு இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் இதில் எழுதத்தான் போகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள். லூர்துவோடு ஒரு நாளாவது வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படி எழுதினால் அவருக்கே பிடிக்காது.

அன்று பிற்பகல் அவருடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். எச்.ஆர். அதிகாரியும் வந்திருந்தார். கம்பெனி பெயர் எழுதிய ரிப்பன் முன்பக்கம் தெரியும்படி மாலையைச் சரிசெய்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். லூர்துவின் கணவர் அந்தோணி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். அவர் காதில் விழும்படியே அதிகாரி சொன்னார்: “இந்த வயசுல, இந்த வெயில்ல, சைக்கிள் வேணாம்னு நாங்க எத்தனை வாட்டி சொன்னோம் மூர்த்தி. கேட்டாத்தானே.”

அந்தோணி நிமிர்ந்து பார்த்தார். “சார், அவங்கப்பாவும் இதே மாதிரி நெஞ்சு வலிலதான் போனாரு. அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது” என்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே அந்த மாலையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

லூர்துவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வருடம் சேர்ந்தோம். டப்பாவில் அடைக்கப்போகும் பெயின்டின் நிறம், வாடிக்கையாளர் கேட்ட நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். சிப்காட் வந்த பிறகு அவர்கள் தெருவில் கழனிக்குப் போகிறவர்கள் குறைந்து, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் கூடினார்கள். அந்தத் தெருவிலிருந்து நிரந்தர வேலைக்கு வந்த முதல் பெண் லூர்து. கம்பெனி பஸ் நெடுஞ்சாலையோடு போய்விடும், அவர் ஊருக்குள் வராது. அதனால் சைக்கிளில் வந்தார். “பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு நடந்து போய், அதுக்கோசரம் காத்துகினு நிக்கிற நேரத்துல நான் இங்க வந்து வேலையே ஆரம்பிச்சிடுவேண்ணா” என்பார். பிற்பாடு மொபெட் வாங்கும் வசதி வந்தும் அவர் மாறவில்லை. அவருக்குச் சைக்கிள் பிடிக்கும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சைக்கிளில் வருகிறவர் என்றால் வேறு வழியில்லாதவர் என்றுதான் நம் ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நாங்கள் சேர்ந்த காலத்தில் சைக்கிள்கள் கேட்டுக்கு உள்ளே ஒரு வேப்பமரத்தடியில் நின்றன. பிறகு அந்த மரத்தை வெட்டிவிட்டுக் கார்களுக்குக் கூரை போட்டார்கள். பைக்குகளுக்குப் பாதி நிழல் கிடைத்தது. சைக்கிள்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மதிலோரம், சாக்கடைக்கும் டேங்கர் லாரிகளுக்கும் நடுவில்தான் அவற்றுக்கு இடம். வெயிலில் டயர் வெடிக்கும். மழையில் செயின் துருப்பிடிக்கும். லாரி பின்னால் எடுக்கும்போது ஏதாவது ஒரு சைக்கிள் நெளியும், யாரைக் கேட்பது என்று தெரியாது. லூர்துவைத் தவிர அங்கே நிறுத்தியவர்கள் எல்லாம் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, அறைக்குப் பத்துப் பேராகத் தங்கியிருப்பவர்கள், துப்புரவுப் பணிக்கு வரும் பக்கத்து ஊர்ப் பெண்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறக் கூடாது. அவர்களுக்கு ஒரு கூரை இல்லாதது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

வெளியே நிறுத்தச் சொன்னதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். கேட்டைத் தாண்டும் வண்டி ஒவ்வொன்றின் பதிவெண்ணையும் காவலர் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சைக்கிளுக்குப் பதிவெண் கிடையாது. எனவே அது வண்டியே இல்லை என்றார்கள். லூர்து மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? ஒரு தகரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து, தன் பணியாளர் எண்ணைக் கறுப்பில் எழுதி, பின் மட்கார்டில் கம்பியால் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னாக்கா இது?” என்றார் ராஜேந்திரன்.

“நம்பரு. ஏத்திக்கோ.”

“இது ஆர்.டி.ஓ. நம்பரு இல்லியே.”

“உன் பொட்டில நம்பருன்னுதான கேக்குது? ஆர்.டி.ஓ.ன்னு கேக்குதா?”

ராஜேந்திரன் சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டார். கம்ப்யூட்டரும் பேசாமல் வாங்கிக்கொண்டது. அன்று ஒரு சைக்கிள் உள்ளே வந்தது. மறுநாள் லூர்துவுக்கு ஒரு மெமோ, ராஜேந்திரனுக்கு ஒரு மெமோ. “எனக்குக் குடுத்தது சரி. அந்த ஆளு இன்னா பாவம் பண்ணாரு?” என்று எச்.ஆர். அறைக்குப் போய்ச் சண்டை போட்டார். அந்தத் தகரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அவர் கேட்டது கூரை மட்டுமல்ல. சைக்கிளில் வருகிற பெண்கள் வியர்வையைக் கழுவிக்கொண்டு உடை மாற்ற ஒரு குளியலறையும் கேட்டார். “ஷவர்லாம் வாணாம், ஒரு பக்கெட்டு, ஒரு மக்கு, ஒரு தாப்பா” என்பார். சித்திரை மாதத்தில் சிப்காட் சாலையில் வந்திருக்கிறவர்களுக்கு இது புரியும். தார் கொதிக்கும், லாரிப் புழுதி முகத்தில் அப்பும். வந்ததும் பரிசோதனைக் கூடத்தின் தொட்டியில்தான் அவர் முகமும் கையும் கழுவுவார். ஒரு நாள் எங்கள் பிரிவுத் தலைவர் பார்த்துவிட்டார். அந்தத் தொட்டி கண்ணாடிக் குவளைகளைக் கழுவுவதற்கு, ஆட்கள் கழுவுவதற்கு இல்லை என்றார். லூர்து ஈர முகத்தோடு திரும்பினார். “பீக்கரு குளிக்கலாம், நான் குளிக்கக் கூடாதா சார்?” தலைவர் அறைக்குப் போய், தொட்டியின் மேல் ஒட்டுவதற்கு ஓர் அறிவிப்பைத் தட்டச்சு செய்து அனுப்பினார். அந்த அறிவிப்பு இன்றும் அங்கே இருக்கிறது.

தொழிலாளர் குழுவுக்குப் பெண்கள் சார்பில் அவரைத் தேர்ந்தெடுத்தோம். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். மாதாந்தரக் கூட்டத்தில் எல்லா விஷயமும் முடிந்த பிறகு, “வேறு ஏதாவது?” என்று எச்.ஆர். அதிகாரி கேட்பார். உடனே லூர்து எழுந்திருப்பார். அந்த நேரம் பார்த்துச் சமோசாவும் டீயும் வரும். சைக்கிள் நிறுத்தம் பற்றி அவர் பேசப் பேச, மற்றவர்கள் சட்னி கேட்பார்கள். “லூர்து பாயிண்ட் வந்தாச்சு” என்று அதிகாரி சிரிப்பார். நானும் அவர் பக்கம் கை தூக்குவேன். மிச்சக் கைகளில் எல்லாம் சமோசா இருக்கும்.

ஒரு கூட்டத்தில் அதிகாரி கொஞ்சம் மனம் திறந்தார். “பாருங்க லூர்து, இன்னைக்கு ஷெட் போட்டா நாளைக்கு எல்லாரும் சைக்கிள்லயே வர ஆரம்பிச்சிடுவாங்க. இடத்துக்கு எங்கே போறது?”

“வரட்டுமே சார். அதுக்குத்தான கேக்கறேன்.”

“ஆக்சிடென்ட் ஆச்சுன்னா?”

“இப்ப மட்டும் இன்னா? ரோட்லதான வந்துகினு கீறோம்? ஷெட்டு போட்டா ஆக்சிடென்ட் ஆவும், போடலன்னா ஆவாதா?”

“கம்பெனிக்கு வந்து சேர்றது எம்ப்ளாயியோட பொறுப்பு. வந்த பிறகுதான் நம்ம பொறுப்பு.”

“அப்ப காருக்கு எதுக்கு சார் கூரை?”

அதிகாரி காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். இந்தக் கேள்விக்கு நேரான பதிலை நான் இதுவரை யாரிடமிருந்தும் கேட்டதில்லை. வேலை செய்கிற இடமோ படிக்கிற இடமோ, சைக்கிளில் வருகிறவருக்கு வசதி செய்து தர வேண்டுமா என்று வாய் கிழிய விவாதிக்கிறார்கள். காரில் வருகிறவருக்குச் செய்து தர வேண்டுமா என்று எவரும் விவாதித்ததில்லை. அது தானாக முளைத்துவிடுகிறது.

இத்தனைக்கும் எங்கள் கம்பெனிக்குச் சைக்கிள் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. வருடத்துக்கு ஒரு நாள் பிடிக்கும். சுற்றுச்சூழல் தினத்தன்று வாடகைக்குப் புதுச் சைக்கிள்கள் வரும். அதிகாரிகள் பச்சை பனியன் போட்டுக்கொண்டு, ஆபீசிலிருந்து கேன்டீன் வரை ஓட்டி, படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படம் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அன்றைக்கு மட்டும் மதிலோரம் நிற்கும் நிஜச் சைக்கிள்களைக் கொஞ்சம் தள்ளி, லாரிகளுக்குப் பின்னால் மறைவாக நிறுத்தச் சொல்வார்கள். விருந்தினர்கள் கண்ணில் படக் கூடாதாம்.

என்னால் மறக்கவே முடியாதது அந்த ஆயுத பூசை. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைத்து, கேட்டில் வாழைக்கன்று கட்டி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். உள்ளே இருக்கிற வண்டிகளுக்கு மட்டும்தான். தட்டை ஏந்திய ஐயர் ஃபோர்க்லிஃப்ட் வரைக்கும் வருவார், மதிலைத் தாண்ட மாட்டார். அந்த வருடம் லூர்து காலையிலேயே சாமந்திப் பூவோடு வந்து, வெளியே நின்ற எல்லாச் சைக்கிளுக்கும் பூக் கட்டினார். தொழிற்சாலைத் தலைவர் பக்தி மிகுந்தவர். பட்டு வேட்டியில் நின்றிருந்தார். லூர்து நேராக அவரிடம் போனார்.

“சார், இதுங்களுக்கும் பூசை போடணும். ஒரு வருசமா ரோட்ல ஓடுதுங்க, சாமி பாக்க வேணாமா?”

“நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே லூர்து?” என்றார் தலைவர்.

“நான் மாதா கோயிலுக்குப் போறவ சார். இவங்கெல்லாம் கும்புடறவங்க. என் சைக்கிளுக்குப் பொட்டு வாணாம், பூ போதும்.”

சுற்றிலும் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நல்ல நாளில் எப்படி இல்லை என்பது? தலைவர் தலையசைத்தார். ராஜேந்திரன் கேட்டைத் திறந்துவிட்டார். சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து, கார் கூரையின் கீழே வரிசையாக நின்றன. பிகாரிலிருந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தங்கள் சைக்கிள் மணிகளைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஐயர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, லூர்துவின் சைக்கிளை மட்டும் பூவோடு விட்டுவிட்டு நகர்ந்தார்.

பொரி கடலை கொடுத்து முடிந்ததும், சைக்கிள்களை எடுத்துப் போகும்படி எச்.ஆர். அதிகாரி சொன்னார். லூர்து அசையவில்லை.

“பூசையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது சார். நாளைக்கு விஜயதசமி. அதுக்கப்பறம்தான் எடுக்கணும்.”

“கார் எல்லாம் எடுத்துட்டுப் போறாங்களே?”

“அது அவங்க பக்தி. நாங்க எடுக்க மாட்டோம்.”

தொழிற்சாலைத் தலைவரை எல்லோரும் பார்த்தார்கள். அவருடைய காரும் அப்போதுதான் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு நின்றிருந்தது. “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார். அன்று சைக்கிள்காரர்கள் எல்லோரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். நானும் தினமும் போகும் கம்பெனி வேனை விட்டுவிட்டு ரயில் நிலையம் வரை அவர்களோடு நடந்தேன். வழி முழுவதும் லூர்து சிரித்துக்கொண்டே வந்தார். “நாம நடந்தா இன்னாண்ணா, அதுங்க ஒரு நாள் நெழல்ல தூங்கட்டும்” என்றார். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

விடுமுறை முடிந்ததும் சைக்கிள்கள் சாக்கடையோரம் திரும்பின. அடுத்த வருடம் ஆயுத பூசைக்கு முன்பே சுற்றறிக்கை வந்துவிட்டது. பதிவெண் உள்ள வாகனங்களுக்கு மட்டுமே பூசை என்றது அது. அதை லூர்துதான் எனக்குப் படித்துக் காட்டினார். “சாமியும் இனிமே ஆர்.சி. புக்கு பாத்துட்டுத்தான் ஆசீர்வாதம் பண்ணும் போலகீது” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் இறந்த வாரம் கேன்டீனில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெரிய ஃபிளெக்ஸ். “பசுமைப் பயணத்தின் முன்னோடி” என்று எழுதியிருந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதில் லூர்துவின் முகம் கலங்கிப்போயிருந்தது. பக்கத்தில் ஏதோ வெளிநாட்டுக் கியர் சைக்கிள். அவருடைய சைக்கிளைப் படம் எடுத்து வைத்திருந்தவர் கம்பெனியில் ஒருவரும் இல்லை. மௌன அஞ்சலி செலுத்திய பிறகு எச்.ஆர். அதிகாரி பேசினார். சூழலை நேசித்தவர் என்றார், நம் எல்லோருக்கும் வழிகாட்டி என்றார். மதிலுக்கு வெளியே இருந்து வந்த பிகார்க்காரர்கள் பின்வரிசையில் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்கு அந்தத் தமிழ் புரியாதது நல்லதுதான்.

அதற்கு அடுத்த தொழிலாளர் குழுக் கூட்டம் போன வாரம் நடந்தது. முந்தைய கூட்டங்களில் நிலுவையில் இருந்தவற்றை எச்.ஆர். அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்தார். குடிநீர்க் குழாய், கேன்டீன் மின்விசிறி. பிறகு அதே குரலில் இதை வாசித்தார்: “சைக்கிள் நிறுத்தமும் பெண்கள் குளியலறையும். கோரியவர் காலமானதால் இப்பொருள் முடித்து வைக்கப்படுகிறது.”

யாரும் நிமிரவில்லை. நான் எழுந்தேன். “சார், செத்தது லூர்து. சைக்கிளுங்க எல்லாம் அங்கேயேதான் நிக்குது.”

“மூர்த்தி, உணர்ச்சிவசப்படாதீங்க. கேட்டவங்க இல்லையே இப்போ.”

“நான் கேக்கறேன்.”

“நீங்க வேன்ல வர்றீங்க.”

“ஆமா.”

“பயன்படுத்தாதவர் கேட்டா அதை எப்படிப் பதிவு பண்றது?”

லூர்து இருந்திருந்தால் இதற்கு ஒரு பதில் சொல்லி, அறையையே சிரிக்க வைத்திருப்பார். எனக்கு அந்த நாக்கு இல்லை. சத்தம்தான் போட்டேன். என் பெயர் போட்டு எழுதுங்கள், எழுதுகிற வரைக்கும் நான் உட்கார மாட்டேன் என்றேன். டீ வந்து ஆறிப்போனது. பக்கத்தில் இருந்தவர்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில், என் வாயை அடைப்பதற்காகத்தான், எழுதினார்கள்.

அவருடைய சிரிப்பு எனக்கு வராது. அவருடைய பொறுமையும் வராது. லூர்துவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது கூட்டத்தின் அந்தக் கடைசிப் பாயிண்ட் மட்டும்தான். ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு மாதமும் எழுந்து நின்று கேட்பேன். கூரை போடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சமும் கிடையாது. ஆனால் கேட்க ஆள் இல்லை என்று இனி அவர்கள் எழுதிவிட முடியாது.